நோவுக்கச்சை

கச்சையை இறுக்கிக் கட்டியதுமே சூசைநாதனின் வலது மணிக்கட்டில் சுருக்கென்றது. அது அவன் வலி அல்ல. மின்னியின் வலது முன்னங்கால் வலி.

"குத்துதா தம்பி?" என்றார் லாயக்காரர் மஸ்தான்.

"குத்தல பாய், கொத்துது."

பந்தயக் குதிரைகளுக்கு வலிமருந்தைத் தடை செய்த சட்டம் கையோடு கொண்டுவந்தது இந்த நோவுக்கச்சையை. குதிரையின் தோலுக்கடியில் பதித்த உணரி அதன் வலியை அனுப்பும். சவாரிக்காரன் இடுப்பில் கட்டிய கச்சை அதை அவன் நரம்பில் ஏற்றும். தாங்கமுடியாமல் அவனே குதிரையை நிறுத்திவிடுவான் என்பது கணக்கு. கணக்கு பொய்க்கவில்லை. நொண்டிக் குதிரைகள் ஓடுவது நின்றே போயிற்று.

கூடவே இன்னொரு விதியும் இருந்தது. மூன்று முறை நின்றுபோன குதிரை இனியும் வதைபடக் கூடாதென்று கருணை ஊசி போட்டு முடித்துவிடுவார்கள். களத்தில் இறங்காவிட்டாலும் நின்றதாகவே கொள்வார்கள். மின்னி ஏற்கெனவே இரண்டு முறை நின்றவள். இரண்டு முறையும் கடிவாளத்தை இழுத்தவன் சூசைதான்.

"இன்னிக்கு மட்டும் இவ ஓடி முடிச்சுட்டான்னா சீசன் முடிஞ்சுது, ஆறு மாசம் ஓய்வு பாய். கால் ஆறிரும்."

"நீ தாங்கணுமேப்பா. போன தடவ நீ கத்தின கத்துல கேலரியே எழுந்து நின்னுச்சு."

சூசை பையிலிருந்து வலிமருந்து ஊசியை எடுத்தான். மஸ்தான் பதறிப்போய் மின்னியை மறைத்துக்கொண்டு நின்றார்.

"அடப்பாவி! ரத்தம் எடுத்துப் பாப்பாங்கடா!"

"அவளுக்கில்ல, எனக்கு. நம்ம ரத்தத்த யாரு பாக்கறா?"

மஸ்தானே ஊசியை வாங்கி அவன் கையில் ஏற்றினார்.

பந்தயக் கதவு திறந்ததும் மின்னி பாய்ந்தாள். மணிக்கட்டு பஞ்சாக இருந்தது. எத்தனை காலமாயிற்று அவள் இப்படி ஓடி! சூசை அவள் காதருகே குனிந்து, "பாத்தியாடி, ஒண்ணுமே இல்ல, ஒண்ணுமே இல்ல" என்று கொஞ்சினான். தனக்கு வலிக்காததால் அவளுக்கும் வலிக்கவில்லையென்று அந்த நேரம் மெய்யாகவே நம்பிவிட்டான். கடைசி வளைவில் அவள் தலை ஒருமுறை வெட்டி ஆடியது. கச்சை வராத காலத்துச் சவாரிக்காரன் அதைப் பார்த்தே கடிவாளத்தை இழுத்திருப்பான். சூசைக்குக் கச்சைதான் கண். அவள் கால் எலும்பு முறிந்ததைக்கூட அவன் காதால்தான் அறிந்தான்.

திடலிலேயே திரை கட்டி அவளுக்குக் கருணை ஊசி போட்டார்கள். குதிரையின் ரத்தத்தைச் சோதித்த மருத்துவர், "சுத்தம். துளி மருந்தில்ல" என்றார்.

"சட்டம் வேல செய்யுது, பாத்தீங்களா?" என்றார் பந்தய அதிகாரி.

மஸ்தான் சூசையின் தோளைத் தொட்டார். "கச்சையக் கழட்டுப்பா."

"இருக்கட்டும் பாய். மருந்து வேகம் இறங்கட்டும். அவ பட்டதெல்லாம் எனக்கு வரட்டும்."

மருந்து இறங்கியது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். ஒன்றும் வரவில்லை.