பூஜ்ஜியம் வைத்த இடம்

சோதனை முடிந்த இடத்தைத் தாண்டியும் டேப்பிலிருந்து எண்கள் வந்துகொண்டிருந்தன.

முருகவேல் விசையிலிருந்து கையை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம், முதலிபாளையத்துச் சாயப்பட்டறையில் மெஷின்கள் எல்லாம் நின்றிருக்க, அந்தச் சின்ன அறைக்குள் டேப் டிரைவின் உராய்வும், காய்ந்த சாயத்தின் காரநெடியும், சுவருக்கு அப்பால் கழிவுநீர்த் தொட்டியில் குழாய் சொட்டும் ஓசையும் மட்டுமே இருந்தன. புது விஷவாயு டிடெக்டரைக் காலிபிரேஷன் செய்யப் பழைய சோதனை அளவுகள் வேண்டும். அந்தச் சோதனையைச் செய்தவள் அவன் மனைவி ஜெயபாரதி. போன ஆடியில், டிடெக்டர் கத்தவில்லை என்று நம்பித் தொட்டியறைக்குள் போனவள் திரும்பவில்லை.

சோதனை முடிந்த அன்றே டேப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்; அதன்பின் அதில் எதுவும் பதிவாகியிருக்க முடியாது. திரையில் ஓடியதோ அவள் இறப்பதற்கு முந்தின நாளின் அளவுகள்.

"ஏனுங்க மொதலாளி, பாரதி டிடெக்டர ரோட்டுக்கு எடுத்துட்டுப் போயி, நல்ல காத்துல வெச்சுத்தான் ஜீரோ பண்ணுவா. இதுல நாத்தத்தையே ஜீரோன்னு வெச்சிருக்குதுங்க."

தொட்டியறைக் கதவையொட்டிய நாற்காலியில் பட்டறை முதலாளி பொங்கியண்ணன் போனிலிருந்து தலை தூக்கவில்லை.

"அது ஓயாம கத்துச்சுங்க. டேங்க் ரொம்பிக் கெடக்குது, லோடு நிக்குது. நாந்தான் தொட்டிகிட்டயே வெச்சு ஜீரோ பண்ணீட்டேன். வாய மூடோணுமல்லோ." சிரித்தார். "நாளைக்கு ஆபீசருங்க வர்றாங்க. வெரசா முடிங்க."

திரையில் தேதி நகர்ந்தது. அவள் இறந்த நாள். அடுத்த மாதம். அதற்கடுத்தது. இன்று.

எண்கள் ஏறின.

தொட்டியறைக் கதவின் அடியிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் ஊர்ந்து வந்தது. முருகவேலின் பின்கழுத்தில் ஈரத்துணியின் குளிர். திரும்பிப் பார்க்கப் பயம். பார்க்கவில்லை.

நாற்றம் நின்றது. எண்கள் நிற்கவில்லை.

"நாத்தம் போயிருச்சு பாருங்க," என்றார் பொங்கியண்ணன்.

வாயு மிஞ்சினால் முதலில் சாவது மூக்குதான், நாற்றம் நின்றால் ஓடிவிடணும் என்று பாரதி சொல்லியிருக்கிறாள்.

"ஆமாங்க," என்றான் முருகவேல்.

மூச்சை அடக்கினான். வெளியே வந்தான். அறையின் வாசற்கதவைச் சாத்தி வெளியே தாழிட்டான்.

நாற்காலி விழுந்தது. கதவு ஒருமுறை அதிர்ந்தது. பிறகு இல்லை.

கதவிலிருந்த கண்ணாடி வழியே பார்த்தான். தொட்டியறைக் கதவு திறந்திருந்தது. தரையில் பொங்கியண்ணன். அவர் தலை ஜெயபாரதியின் மடியில். கருஞ்சாயம் சொட்டும் விரல்களால் அவர் தாடையைப் பிளந்து, புது டிடெக்டரை வாய்க்குள் நுழைத்துப் பிடித்திருந்தாள். ஜீரோ வைக்க, எண் நிலைக்கட்டும் என்று காத்திருந்தாள். அவசரமே இல்லாமல்.

அவர் கண்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.