ஒரு கருவி, இரண்டு மூச்சு

கண்ணாடியில் ஏன் ஆவி படிகிறது என்பது, அறுவை அறையின் கருவிகளைப் பராமரிக்கும் அவருக்குப் பிடிபடவே இல்லை.

முகத்தில் மாட்டும் கருவி அது. அறுவைக்கு வருபவரின் கண்களை மூடியதும் உள்ளே பனி கவிந்த ஓர் ஏரி விரியும். மூக்குக்குக் கீழே உள்ள சின்ன மைக் மூச்சைக் கேட்கும். மெதுவாக மூச்சு விட்டால் பனி விலகும், பதறினால் மூடிக்கொள்ளும். பனியை விலக்குவதில் மனம் இறங்கிவிட்டால், கத்தியைப் பற்றி நினைக்க மனம் மிச்சமிருக்காது. வலி வந்து கதவைத் தட்டும். திறக்கத்தான் ஆள் இருக்காது.

கண்ணாடியில் ஆவி படிய ஒரு முகம் வேண்டும். ஈரமான, வெதுவெதுப்பான மூச்சு குளிர்ந்த கண்ணாடியைத் தொட வேண்டும். கருவியை வைத்திருக்கும் மூடிய பெட்டிக்குள் முகம் ஏது? மைக்கை மாற்றினார். முகத்தில் படும் பஞ்சு விளிம்பை வெயிலில் காயவைத்தார். பெட்டியையே மாற்றினார். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தது.

"என்ன கண்ணாடிக்காரரே, மறுபடியும் ஆவியா?" என்றாள் நர்ஸ்.

"நீராவிம்மா."

"நான் வேற எதுவும் சொல்லலையே."

அவர் துடைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார். இன்று அறுவை மேசையில் படுத்திருந்தது அவருடைய அக்கா. மணிக்கட்டு நரம்பை ஒட்டி ஒரு கட்டி. அவளுடைய நுரையீரல் முழு மயக்கத்தைத் தாங்காது. கையை மட்டும் மரக்கச் செய்திருந்தார்கள். ஊசியைப் பார்த்தாலே உதறுகிறவள். கத்தி நரம்பின் மேல் இருக்கும்போது ஒருமுறை உதறினாலும் விரல்கள் பயனற்றுப் போய்விடும்.

"எனக்கு நீச்சல் தெரியாதுடா," என்றாள்.

"ஏரியைப் பார்த்தா போதும்க்கா. குதிக்க வேண்டாம்."

மருந்து நெடி. ஏசியின் சீரான இரைச்சல். அக்கா பார்ப்பது பக்கத்துத் திரையிலும் தெரிந்தது. அவள் மார்பு தாழ்ந்தது, பனி விலகியது. மார்பு ஏறியது.

பனி அப்போதும் விலகிக்கொண்டே இருந்தது.

அக்கா மூச்சை இழுக்கிறாள். மைக்கோ, யாரோ விடும் மூச்சைக் கேட்கிறது.

"தம்பி." உதடு மட்டும் அசைந்தது. "உள்ள இடம் பத்தலடா."

"பட்டை இறுக்குதாக்கா?"

"பட்டை இல்ல. இன்னொரு மூஞ்சி."

நர்ஸின் கை தட்டின் மேல் அப்படியே நின்றது.

"கன்னத்தோட கன்னம் ஒட்டிக்கிட்டிருக்கு. காய்ச்சல் அடிக்கிற மாதிரி சுடுது."

அவர் கருவியை நோக்கிக் கை நீட்டினார். "தொடாதீங்க," என்று டாக்டர் நிமிராமலே முணுமுணுத்தார். "இப்ப நரம்பு மேல இருக்கேன்."

மெதுவான மூச்சைப் பின்தொடரத்தான் கருவி பழக்குகிறது. அக்காவின் உடம்பும் அதைத்தான் செய்தது. இரண்டு மூச்சுகளும் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றாயின. விடுவதற்கும் இழுப்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி. அடுத்ததில் இன்னும் நீண்ட இடைவெளி.

ஆக்ஸிஜன் அளவு இறங்கியது.

திரையில் துளிப் பனி இல்லை. ஏரி அசையாமல் கிடந்தது.

அக்கா மூச்சை இழுக்கவில்லை.

"இழு அக்கா. மூச்சை இழு."

"அவங்க இழுக்கலையே." மிச்சமிருந்த காற்றில் சொன்னாள். "பயந்து போயிருக்காங்கடா. அவங்களுக்கும் ஒண்ணு குடேன்."

அலமாரியில் உபரிக் கருவி ஒன்று இருந்தது. அவர் அதை எடுத்து, அக்காவைத் தள்ளிக்கொண்டு வந்த ஸ்ட்ரெச்சரின் காலித் தலையணையில் வைத்தார். அதே ஏரியை ஓடவிட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு, தலையணையின் நடுவில் மெல்ல ஒரு குழி விழுந்தது.

அக்கா விசும்பலோடு மூச்சை இழுத்தாள். ஆக்ஸிஜன் ஏறியது. வெகுநேரம் கழித்து டாக்டர் கேட்டபோது, ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக அசைத்துக் காட்டினாள்.

அந்த அறைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இப்போது அவரே பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு நோயாளிக்கு இரண்டு கருவிகள். ஒன்று முகத்துக்கு, ஒன்று காலித் தலையணைக்கு. இரண்டிலும் ஏரி ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். அப்படிச் செய்தால் நோயாளியின் கண்ணாடியில் ஆவி படிவதில்லை. அறுவை முடிந்ததும் நோயாளியுடையதைக் கழற்றிவிடலாம். தலையணையில் இருப்பதை, உள்ளே கேட்கும் மூச்சு தானாக அடங்கிய பிறகுதான் எடுக்க வேண்டும்.