மூன்றாம் சுற்று

மில் ஓடாத நாளில் வண்டி இடம் மாறியிருந்தது.

காலையில் மார்லிஸ் வந்தபோது அது தண்டவாளத்தின் இந்தக் கோடியில், கட்டுப்பாட்டு அறை ஜன்னலுக்கு நேர்கீழே நின்றதை அவளே பார்த்தாள். மதியம் காபி ஊற்றிக்கொண்டிருந்தபோது கீழே தொம்மென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால், ஆளுயர மரத்தடிகளைச் சுமந்துபோய் ரம்பத்துக்குக் கொடுக்கிற அந்த இரும்பு வண்டி அந்தக் கோடிக்குப் போய், ரம்பத்தை முட்டிக்கொண்டு நின்றது. கிறிஸ்துமஸ் விடுமுறை. அவளையும், ரம்பம் தீட்டுகிற அவள் தம்பி டெல்லையும் தவிர மில்லில் ஈ காக்கை இல்லை.

“என்னக்கா, வேல போரடிக்குதுன்னு ரயில் ஓட்டி விளையாடுறியா?” என்றான் டெல், வாயில் பாதி டோனட்டோடு.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் முன்னாலிருந்த பழைய யூனிக்ஸ் கணினி இயந்திரத்திலிருந்து வண்டிக்குக் கம்பி போகிறதுதான். ஆனால் இன்று வண்டியை ஓட்டும் நிரலை அவள் தொடக்கூட இல்லை. காலையிலிருந்து இயந்திரம் ஒரு கம்பைலரைக் கட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வண்டியைத் தள்ளுவது அழுத்தக் காற்று. குழாயில் மிச்சம் தங்கியிருக்கும், அதுதான் தள்ளிவிட்டது என்றான் டெல். இருவருமாகச் சங்கிலி போட்டு வண்டியைப் பழைய இடத்துக்கு இழுத்தார்கள். பிறகு அவன் வால்வைத் திறந்து காற்றை முழுக்க வெளியேற்றினான். அறைச்சுவரிலிருந்த காற்றழுத்த மீட்டரின் முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்ததை இருவரும் பார்த்தார்கள். வண்டியின் மெயின் ஸ்விட்சை இறக்கித் தன் சிவப்புப் பூட்டைப் போட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஆள் நிற்பதைப் பார்த்துச் சொல்வதற்காக வண்டியின் முனையிலிருக்கும் கண்ணாடிக் கண்ணைக் கழற்றி மாற்றக் கீழே போனான். ஒருவன் பூட்டை மற்றவன் திறக்கக் கூடாது, மேனேஜர் ராய்ஸே வந்தாலும் திறக்க முடியாது. அந்த ஊர் மில்களில் உயிருக்கு உத்தரவாதம் அந்தப் பூட்டுதான்.

இதே வண்டியில் செத்த ஆரின், அன்றைக்குப் பூட்டைப் போடவில்லை என்று கம்பெனி சொன்னது. சொல்லாமல் என்ன செய்யும்? செத்தவன் மேல் பழி போட்டால் அவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்?

வண்டியின் நிரலை எழுதியவனே ஆரின்தான். போன வசந்தத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அதே கண்ணைத் துடைக்க வண்டிமேல் ஏறி மண்டியிட்டிருந்தான். வண்டி கிளம்பிவிட்டது. இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை. காபி இடைவேளைக்குச் சற்று முன் விபத்துச் சங்கு ஊதியது ஊர் முழுக்கக் கேட்டது.

அவனுடைய நிரலை மார்லிஸ் வரிவரியாகப் படித்திருந்தாள். ‘ஆள் நிற்கிறான், நகராதே’ என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. மனிதன் எழுதுவதை இயந்திரத்தின் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். இயந்திரத்தோடு வந்த பழைய கம்பைலர் அந்த ஒரு வரியை விழுங்கிவிட்டது. அதை விற்றவர்கள் எப்போதோ கடையைச் சாத்திவிட்டார்கள். புதுக் கம்பைலர் ஒன்றைக் கட்டி நிறுவி, வண்டியின் நிரலை அதில் மறுபடி மாற்றியெடுக்க வேண்டும். திங்கள்கிழமை முதல் அந்த வண்டியில் ஏறி இறங்கப்போகிறவன் டெல். அவனுக்காகத்தான் விடுமுறையை விட்டுவிட்டு இங்கே உட்கார்ந்திருந்தாள்.

ஒரே சங்கடம், புதியதைக் கட்டப் பழையதை விட்டால் வேறு நாதி இல்லை. அதனால் மூன்று சுற்று. பழையது முதல் பிரதியைக் கட்டும். முதல் பிரதி தன்னையே மறுபடி கட்டி இரண்டாவதைத் தரும், இரண்டாவது மூன்றாவதை. கடைசி இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் பழையதன் விஷம் கழன்றுவிட்டது என்று நம்பலாம். சுற்றில் உருவாகும் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அது உருவான நேரம் பதிந்திருக்கும். அது எப்படியும் சுற்றுக்குச் சுற்று மாறும். ஆகவே இந்தப் பழைய யூனிக்ஸ்களில் தலையை விட்டுவிட்டு மீதியைத்தான் ஒப்பிடுவார்கள். தலையை யாரும் பார்ப்பதில்லை.

மூன்றாம் சுற்றைக் கிளப்பிவிட்டு, முடிந்ததும் தானாக ஒப்பிடும்படி கட்டளையும் கொடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தலையை விடச் சொல்ல மறந்துவிட்டாள். போகட்டும். எல்லாக் கோப்புகளும் வேறு வேறு என்று திரை நிறையப் புலம்பும், இன்னொரு முறை ஒப்பிட்டால் போயிற்று. சும்மா இருக்கிற நேரத்தில், மதியம் முடிந்த இரண்டாம் சுற்றின் தலைகளைத்தான் பார்ப்போமே என்று திறந்தாள்.

முதல் கோப்பு, வசந்தகாலத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் உருவானதாகச் சொன்னது. காலை ஷிஃப்ட் தொடங்கும் நேரம்.

கடிகாரத்து பேட்டரி செத்திருக்கும் என்று நினைத்தாள். இயந்திரத்திடம் நேரம் கேட்டாள். டிசம்பர், இன்றைய தேதி, சரியான நேரம். தகரக் கூரையில் மழை நிதானமாகப் பெய்துகொண்டிருந்தது. இயந்திரத்தின் வட்டு, அரிசியில் கல் கடிபட்டதுபோல் நறநறத்தது. நான்கு மணிக்கே இருட்டிவிடும் அந்தக் கடற்கரை வெளிச்சம் ஜன்னலில் சாம்பலாய் வடிய, எங்கிருந்தோ பச்சைத் தேவதாரு மரத்தை அப்போதுதான் அறுத்த வாசனை வந்தது, சூடான பிசினின் வாசனை, ஒரு வாரமாக எதுவும் அறுபடாத அந்த மில்லில்.

அடுத்த கோப்பைத் திறந்தாள். அதே செவ்வாய், இன்னும் சற்று நேரம் கழித்து. அதற்கடுத்தது, இன்னும் கழித்து. கோப்பு கோப்பாக அந்தக் காலைப்பொழுது நகர்ந்தது. கடைசிக் கோப்பு, காபி இடைவேளைக்குச் சற்று முன்.

சங்கு ஊதிய நேரம்.

மார்லிஸ் மேசைமேலிருந்த காபிக் கோப்பையைப் பார்த்தாள். இரண்டாம் சுற்றின் கடைசிக் கோப்பு முடிந்தபோது அவள் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கீழே அந்தச் சத்தம். அப்போது வண்டிமேல் யாரும் இல்லை.

மூன்றாம் சுற்றில் இதுவரை வந்த கோப்புகளைத் திறந்தாள். அதே செவ்வாய். அதே நேரங்கள். நொடிகூடப் பிசகவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டாம் சுற்று போன அதே வழியில்.

இன்னும் நாலைந்து கோப்புகள்தான் பாக்கி.

நிறுத்தும் விசையை அழுத்தினாள். இயந்திரம் மதிக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். வட்டு நறநறத்துக்கொண்டே இருந்தது. மின்கம்பியைப் பிடுங்கலாம் என்றால் அது இரும்புப் பெட்டிக்குள், சாவி ராய்ஸ் வீட்டில். சுவரைப் பார்த்தாள்.

மீட்டரின் முள் நிமிர்ந்திருந்தது.

ஓடினாள். இரும்புப் படிகள் மழை ஈரத்தில் வழுக்கின. முழங்கால் கிழிந்தது. மெயின் ஸ்விட்ச் இறங்கித்தான் இருந்தது. சிவப்புப் பூட்டு தொங்கித்தான் இருந்தது. வண்டியின் முனையில் டெல் அவளுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டிருந்தான். காதை மூடிய கவசம். துருவேறிய திருகுகளைத் தேய்க்கும் மெஷினின் இரைச்சல். அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

கையிலகப்பட்ட ஒரு மரத்துண்டை எடுத்து அவன் முதுகில் எறிந்தாள். திரும்பினான். மெஷினை அணைத்தான். கவசத்தைக் கழற்றி, அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

“பேயறஞ்ச மாதிரி வர்றே. என்னக்கா?”

“டெல், எறங்கு.”

“பூட்டு போட்டிருக்கேன். இதோ பாரு.” கழுத்துச் சாவியை எடுத்து ஆட்டிக் காட்டினான். “இது இல்லாம சாமியே வந்தாலும் நகராது.”

“எறங்குடா! உன் கால்ல வேணா விழறேன்.”

அவள் குரலில் என்னவோ இருந்திருக்க வேண்டும். சிரிப்பு போய்விட்டது. ஒரு காலை எடுத்து வெளியே வைத்தான்.

வண்டி கிளம்பியது.

அவன் கையைப் பிடித்தாள். பிடித்தாள், பிடித்தபடியே ஓடினாள், தண்டவாளத்தை ஒட்டி, தோள் மூட்டு கழன்றுவிடும்போல. கையுறை மட்டும் உருவிக்கொண்டு அவளிடம் நின்றது.

ரம்பம் சுழலவில்லை. சுழன்றிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். அசையாமல் நின்ற பற்களின்மேல் வண்டி அவனை வைத்துத் தள்ளியது. தள்ளிக்கொண்டே இருந்தது. எலும்பு ஒவ்வொன்றாக. அவன் அக்கா என்றான். பிறகு அம்மா என்றான். பிறகு சொல் எதுவும் இல்லாத ஒரு சத்தம், அதற்கும் பிறகு அந்தச் சத்தமும் இல்லை. அவள் முகத்தில் சூடாகத் தெறித்தது. இடது தோள். நெஞ்சு. வலது இடுப்பு.

தொம்.

மழை மட்டும் பெய்தது.

தொலைபேசி மேலே அறையில் இருந்தது. எப்படிப் படியேறினாள் என்று தெரியாது. யாருக்கு எண்களைச் சுழற்றுகிறோம் என்றும் தெரியாமல், கையுறையை விடாமல் பிடித்துக்கொண்டு திரையின் முன்னால் நின்றாள். மூன்றாம் சுற்று முடிந்திருந்தது. ஒப்பீடும் முடிந்திருந்தது. யூனிக்ஸின் பழக்கம் அது: இரண்டு பொருள்களுக்குள் வித்தியாசம் இருந்தால் சொல்லும். இல்லையென்றால் வாயைத் திறக்காது. தலையையும் சேர்த்துத்தான் ஒப்பிடச் சொல்லியிருந்தாள்.

திரையில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த கட்டளைக்காக அந்தச் சின்னப் பச்சைக் கட்டம் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

கீழே இரும்பு நகரும் சத்தம் கேட்டது. அவசரமே இல்லாமல் வண்டி பின்னால் வந்தது. ஜன்னலுக்கு நேர்கீழே, காலையில் நின்ற இடத்திலேயே வந்து நின்றது, டெல்லின் பாதியோடு. கழுத்தில் சாவி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.