பால் வந்தால் போதுமா?

மேரனின் கண்ணாடி ஜாடிக்குள் புழுக்கள் பட்டினி கிடந்தன. கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட அழகான புழுக்கள். இலை இல்லாமல் இல்லை. வைத்த இலை வைத்தபடியே கிடந்தது.

"அக்கா, இதுவும் செத்துப்போச்சு," என்றாள் தங்கை பிரிட்டா.

"வாயை மூடு! அது தூங்குது."

"நேத்தும் ஒண்ணு தூங்குச்சு. அதைத்தானே புதைச்சோம்?"

மேரனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எல்லாம் சாலையோரப் பள்ளத்தால் வந்த வினை. அமெரிக்காவின் அயோவாவில் வீட்டு முன்னால் இருக்கும் பள்ளம் மழமழவென்று இல்லாவிட்டால் மானமே போய்விடும்! அப்பா புல்லை அறுத்தார். பால்செடிகளும் சேர்ந்து விழுந்தன. நம் எருக்கஞ்செடிக்கு அது ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அந்த இலைதான் சோறு.

வாடிய செடிகளிலிருந்து புழுக்களைப் பொறுக்கி வந்தாள் மேரன். இலைக்காக ரயில்பாதை ஓரம் ஓடினாள். ஒரு செடியைக் கிள்ளினாள். வெள்ளை வெளேரென்று பால்! இதுதான் என்று கை நிறையப் பறித்து வந்தாள். புழுக்களோ மோந்துகூடப் பார்க்கவில்லை.

"மேரன்! தொப்பியை எடுத்துட்டு வாம்மா," என்று அப்பா வாசலில் நின்று கூப்பிட்டார். "சோயாவுல களை மண்டிக் கிடக்கு."

"நான் வரலைப்பா. என் புழுவெல்லாம் சாகுது."

"இங்க உக்காந்து அழுதா பிழைச்சிடுமா? கிளம்பு, வெயில் ஏறுது."

வயலில் மேரன் எதையுமே பார்க்கவில்லை. வெட்டினாள், போட்டாள், நடந்தாள். சாலையைத் தொடும் கடைசி வரிசையில் ஒரு தடித்த செடி மண்வெட்டிக்கு அசையாமல் நின்றது. கையால் பிடித்து இழுத்தாள். உள்ளங்கையில் ஏதோ மெத்தென்று பட்டது.

இலையைத் திருப்பினாள். அடிப்பக்கம் முழுக்க பூனைக்குட்டி வயிறு போல மென்மையான ரோமம். கிளையே இல்லாத ஒற்றைத் தண்டு. நுனியைக் கிள்ளினால் பால்.

ரயில்பாதைச் செடிக்கு ரோமம் இல்லை. இலை வழவழ. தண்டு சிவப்பு, மெலிசு, மேலே கிளை கிளையாய்ப் பிரிந்திருந்தது.

"அப்பா, அது வேற செடி! பால் வந்தா போதும்னு நினைச்சேனே... நான்தான் கொன்னுட்டேன்!"

திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து அவளே வெட்டிப் போட்ட பால்செடிகள் வரிசை நெடுக வெயிலில் வதங்கிக் கிடந்தன. மேரன் மண்ணில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள்.

அப்பா மண்வெட்டியோடு வந்தார். மேரன் சட்டென்று எழுந்து செடிக்கு முன்னால் நின்றாள்.

"இதை மட்டும் விட்டுடுங்கப்பா."

"ரோட்டோரத்துல களையை விடறதா? பக்கத்துப் பண்ணை ஆர்லோ தினமும் வண்டியை நிறுத்தி நிறுத்திச் சிரிப்பான்மா."

"சிரிக்கட்டும். மேரன் விட்ட களைன்னு சொல்லுங்க. என் பேரு கெட்டா கெடட்டும்."

அப்பா செடியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

நாலைந்து இலைகளோடு மேரன் வீட்டுக்கு ஓடினாள். ஜாடியில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதுவும் அசையவில்லை. அதன் பக்கத்தில் புது இலையை வைத்தாள்.

"இதுவும் தூங்குதாக்கா?"

"தெரியலடி."

இருவரும் ஜாடி வாயில் காதை வைத்துக் காத்திருந்தார்கள். ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. மேரன் நம்பிக்கையை விட்டேவிட்டாள்.

நறுக்.

இலை ஓரத்தில் பிறை போல ஒரு சின்னக் கடி!

"அக்கா! சாப்பி—"

"உஷ்! கத்தாதே. பாவம், எத்தனை நாள் பசியோ!"

வெளியே ஆர்லோ மாமா அந்த ஒற்றைக் களையைப் பார்த்து ஹாரன் அடித்துச் சிரித்துக்கொண்டே போனார். மேரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.