விளிம்பைத் தாண்டிய கோடு

கோடு இலையின் விளிம்பில் நிற்கவில்லை.

படத்தைப் பெரிதாக்கினான். எலுமிச்சை இலைக்குள் இலைத்துளைப்பான் புழு தின்றுகொண்டே போன வெள்ளிப் பாதை, அதன் நடுவே எச்சத்தின் மெல்லிய கறுப்பு இழை, எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் இலையைப் பிடித்திருந்த மகளின் கட்டைவிரலிலும் அதே பாதை தொடர்ந்தது.

அவன் படம் எடுத்து அனுப்பும் பூச்சிப் பதிவுகளைச் சரிபார்க்கும் பேராசிரியை அதைப் பார்த்துவிட்டுத்தான் போன் செய்திருந்தார்.

"லென்ஸ்ல அழுக்கு இருக்கும் மேடம்."

"அழுக்கு இவ்வளவு அழகா வளைஞ்சு வளைஞ்சு போகுமா தம்பி? நடுவுல எச்சம் வேற போட்டுக்கிட்டு?" சிரித்தார். "வேற படம் அனுப்புங்க. புழு உள்ளே இருக்கா, காலியான்னும் எழுதுங்க."

படம் எடுத்து எட்டு நாள். படம் எடுக்கும்போது இலையைப் பிடிப்பது மனைவியின் வேலையாக இருந்தது. அவள் இறந்து ஏழு மாதம். ஆறு வயது மகள் யாரும் சொல்லாமலே அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். அவனுக்கு மிச்சம் அவள் ஒருத்திதான். குளிப்பது, தலைவாருவது எல்லாம் அவளாகவே. இந்த எட்டு நாளில் அவளை ஒருமுறைகூடக் கிட்டத்தில் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கூடத்தில் மழை ஈரமும் சீவிய பென்சிலின் மர வாசனையும் கலந்திருந்தன. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் எதிலோ லேசாக உரசிக்கொண்டே ஓட, அவள் முழுக்கைச் சட்டையோடு தரையில் கவிழ்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"குட்டி, கையைக் காட்டு."

"கழுவிட்டேன்ப்பா. சத்தியமா."

கட்டைவிரலில் முடியளவு கோடு. சட்டைக்கையை மேலே சுருட்டினான். மணிக்கட்டில் நூலளவு. முழங்கையில் நாடா அகலம். தின்னத் தின்னப் புழு வளரும். பாதையும் அகலும்.

தோள்.

கழுத்து.

காதுக்குப் பின்னால் முடிந்தது.

உள்ளே இருக்கிறதா, காலியா? இலை என்றால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கலாம்.

போனின் டார்ச்சைக் காதுமடலுக்குப் பின்னால் வைத்தான். மடல் சிவப்பாக ஒளிர்ந்தது. கிளை கிளையாக நரம்புகள். நடுவே, வெளிர் மஞ்சளாக ஒன்று.

அசைந்தது.

வெளிச்சம் பிடிக்காமல் மெல்லத் திரும்பியது. தலைக்குள் போகும் பக்கமாக.

"அப்பா, கூசுது." சிரித்தாள். சிரிப்பு நின்றது. தலையைச் சாய்த்து எதையோ கவனித்தாள்.

"உள்ளே யாரோ காகிதம் கிழிக்கிறாங்கப்பா."

டார்ச்சை அணைத்தான். மடல் இருண்டது.

"இப்ப வேகமா கிழிக்கிறாங்க."