நூறு வாங்கிய நெஞ்சு

காலை ஐந்தரைக்கு ஜெனோவாவை அவளுடைய தோள் எலும்பு எழுப்பியது. "எழுந்திருங்கள், எழுபத்தேழு" என்றது.

நிலவின் மூன்றாம் குடியிருப்பு மருத்துவமனையில் செவிலிப் பயிற்சிக்குச் சேருகிறவர்களுக்குச் சீருடை கொடுப்பதற்கு முன்பே தோளில் உள்மானி பதித்துவிடுவார்கள். உண்பது, உறங்குவது, மூச்சு விடுவது எல்லாவற்றையும் அளந்து நூற்றுக்கு இத்தனை என்று அது உரக்கச் சொல்லும். பெயரெல்லாம் அதற்குத் தேவையில்லை. தன் உடம்பைப் பேணத் தெரியாதவள் பிறர் உடம்பைத் தொடலாகாது என்பது அங்கே சட்டம். எண்பதுக்குக் கீழே இருந்தால் இறுதிச் செய்முறைத் தேர்வில் உட்கார முடியாது.

தேர்வு மறுநாள். மூன்று புள்ளி குறைந்ததற்குக் காரணம் அரை உளுந்த வடை. ஆறாம் கட்டில் சுரங்கத் தொழிலாளி, மூன்று வாரம் கழித்து முதன்முதலாக வாய்வழி உண்ட சந்தோஷத்தில், பிட்டுக் கொடுத்தார். மறுக்க மனம் வராமல் தின்றாள். "எண்ணெய். மூன்று கழிகிறது" என்று தோள் வார்டு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தது. அவர் இன்னும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

"மூணு புள்ளிதானட்டி. மத்தியானம் பாசிக் கஞ்சியையும் விட்ரு, ஏறிரும்" என்றாள் அறைத்தோழி இசக்கி. அவளுக்குத் தொண்ணூற்றிரண்டு.

"நேத்து வார்டுல பதினாலு கிலோமீட்டர் நடந்திருக்கேன். அது எங்க போச்சு?"

"அது வேலைட்டி. வேல செஞ்சா உடம்பு நல்லாருக்கும்னு உனக்கு யாரு சொன்னா?"

இசக்கி சொன்னது சரிதான். வார்டில் நடப்பது 'பணி அசைவு'. அதற்குப் புள்ளி கிடையாது. நோயாளியைத் தூக்கிக் கிடத்துவதற்கும் கிடையாது, நிலவில் அவருக்கு ஆறிலொரு பங்குதான் எடை என்பதால். உடற்பயிற்சிக் கூடத்தில் ஓடுபட்டைமேல், எங்கும் போய்ச் சேராமல் ஓடினால்தான் உண்டு.

பத்து மணிக்கு நலவேந்தர் டாக்டர் கஜேந்திரவரதனின் சொற்பொழிவு. நலவேந்தர் என்பது அவரே உருவாக்கி அவரே ஏற்றுக்கொண்ட பதவி. தொண்ணூற்றொன்பது புள்ளி. பிடித்துப் பார்க்கத் தகுதியுள்ளவர் வேறு யாரும் இல்லாததால் அவர் நாடியை அவரே பிடித்துக்கொண்டு, "மூச்சு நம் கையில்" என்று தொடங்கியவர், அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

நிலவில் எதுவும் மெல்லத்தான் விழும். ஆகவே நலவேந்தர் விழுவதை நாற்பது மாணவிகளும் நிதானமாகப் பார்க்க முடிந்தது. புது ஆசனம் என்றெண்ணிச் சிலர் கைதட்டினார்கள். அது ஆசனம் இல்லை என்று புரிந்ததும் முப்பத்தொன்பது பேர் கண்ணை மூடி ஆழமாக மூச்சிழுக்கத் தொடங்கினார்கள். பதற்றத்துக்கு இரண்டு புள்ளி கழியுமே.

ஜெனோவா மேடைக்குத் தாவினாள். மூச்சில்லை, நாடியில்லை. நிலவில் நெஞ்சை அமுக்கினால் அமுக்குகிறவளே மேலே எகிறிவிடுவாள். மேடைக் கம்பிக்கடியில் பாதங்களைக் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு அமுக்கத் தொடங்கினாள்.

"இசக்கி, ஷாக் மெஷின எடுத்துட்டு வா."

"வாரேன், வாரேன். ஓடுனா ரெண்டு போயிரும்ட்டி" என்று இசக்கி நடந்து போனாள்.

அவள் திரும்பி வரப் பதினொரு நிமிடம் ஆயிற்று. கருவி கொடுத்த இரண்டாம் அதிர்ச்சியில் நலவேந்தர் இருமினார். விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது, ஆள் பிழைத்தார். ஜெனோவாவின் தோள் முழங்கியது: "முன்தயாரிப்பற்ற கடும் உழைப்பு. பதற்றம். மூச்சிரைப்பு. அறுபத்தொன்று."

அன்று மாலை தேர்வுக்கு அனுமதி கேட்டுத் தீவிரப் பிரிவுக்குப் போனாள். அவர் தலையணையில் சாய்ந்திருந்தார். அவர் தோள் அவளுக்கு முந்திக்கொண்டு பேசியது: "நூறு. பதினொரு நிமிடம், தடையற்ற மார்புப் பயிற்சி. நிமிடத்துக்கு நூற்றுப்பத்து. சீர் அபாரம்."

"நீதான் காப்பாத்தினியாம். சந்தோஷம்மா" என்றார். "ஆனா அறுபத்தொண்ணுன்னா எப்படி?"

"உங்க நெஞ்ச அமுக்குனதுலதான் சார் போச்சு."

"அதே பயிற்சியில எனக்கு நூறு ஏறியிருக்கு பாரு. பயிற்சி மேல குத்தமில்லம்மா. உன் உடம்புதான் ஒத்துழைக்கல."

குடியிருப்பின் வரலாற்றில் முதல் நூறு அது. மறுவாரமே உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து ஓடுபட்டைகளை அகற்றிக் கட்டில்கள் போட்டார்கள். 'நலவேந்தர் முறை' என்று பெயர்ப்பலகை வந்தது. தேறிய செவிலிகள் முப்பத்தொன்பது பேரும் பணி நேரத்தில் முறைவைத்து மல்லாந்து படுத்தார்கள். அமுக்கிவிட ஓர் ஆள் வேண்டியிருந்தது. தேர்வெழுதாத ஒருத்திதான் இருந்தாள்.

"விலாவப் பாத்து அமுக்குட்டி" என்றாள் இசக்கி, கண்ணை மூடியபடி. "எனக்கு இன்னும் ரெண்டு வந்தாப் போதும், தலைமைச் செவிலி ஆயிருவேன்."

"பணி அசைவு" என்று ஜெனோவாவின் தோள் சலிப்போடு முனகியது.

வார்டில் ஆறாம் கட்டிலின் அழைப்பு மணி அடிக்கத் தொடங்கியது. நின்று, மறுபடி அடித்தது. ஜெனோவா கையை எடுத்தாள்.

"அவரு எங்க ஓடிறப் போறாரு?" என்றாள் இசக்கி. "என்னைய முடிச்சிட்டுப் போ."