வாசல் முரசு

2024 ஏப்ரல் 2ஆம் திகதி காலை, டென்மார்க்கின் ஒடென்சே நகருக்கு வெளியே உள்ள ஓர் அருங்காட்சியகக் களஞ்சியத்தில், சீனப் பேரரசுக் காலத்து முரசு ஒன்றின் தோல் கிழிந்து காணப்பட்டது.

ஈஸ்டர் விடுமுறைக்கு முன் யாரும் ஈரப்பதக் கருவிக்குத் தண்ணீர் விடவில்லை. காற்று வறண்டு, தோல் இறுகி வெடித்திருந்தது. விட வேண்டியவர் தவராஜா. பதினெட்டு வருடமாக அங்கே வேலை செய்பவர்.

விசாரணையில் அவர் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தார். விசாரிக்கப்பட்டவன் உதவியாளன் ஜெனிஸ்ரன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எட்டு மாதம்தான். டேனிஷ் தெரியாது, ஆங்கிலமும் தட்டுத்தடுமாறித்தான். வேலை போனால் விசாவும் போகும்.

"தண்ணி நான் விடுறன், நீ போ எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அதை அவவுக்குச் சொல்லுங்கோ அண்ணை."

தவராஜா மேலதிகாரி கிர்ஸ்டனிடம் திரும்பினார். "தான் மறந்துவிட்டதாகச் சொல்கிறான். மன்னிப்புக் கேட்கிறான்" என்றார் டேனிஷில்.

கிர்ஸ்டன் அனுதாபத்தோடு தலையசைத்தாள். அதைப் பார்த்த ஜெனிஸ்ரனின் முகம் மலர்ந்தது.

"தாங்ஸ் அண்ணை."

வேலையும் விசாவும் போய், மே மாத முடிவில் அவன் ஊருக்குத் திரும்பினான்.

அடுத்த திங்கள் காலை பத்து மணிக்கு, முரசைப் பொதி செய்யத் தவராஜா களஞ்சிய அறைக்குள் போனார். ஜன்னல் இல்லாத அறை. ஆள் அசைந்தால்தான் விளக்கு எரியும். பழைய தோலின் வாடையோடு, மழையில் நனைந்த துணியின் வாடையும் அடித்தது. முரசின் பெட்டியில் விளக்க அட்டை தொங்கியது. பதினெட்டு வருடத்தில் அன்றுதான் அதை நின்று வாசித்தார்.

'அநீதிக்கு உள்ளானவர் அரச வாசலில் இதை அடிக்கலாம். அதிகாரி வெளியே வந்து, மண்டியிட்டிருப்பவரின் முறைப்பாட்டைக் கேட்க வேண்டும். பொய்க் குற்றம் சாட்டியவருக்கு, குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரிய தண்டனையே கிடைக்கும்.'

விளக்கு அணைந்தது.

அவர் கையை வீசினார். எரியவில்லை.

டும்.

கிழிந்த தோல் அப்படி ஒலிக்காது. அது அவருக்குத் தெரியும்.

டும்.

முழங்கால் உயரத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். அவசரமில்லாத மூச்சு. காத்திருக்கும் மூச்சு.

"நான்தான்..." என்று முணுமுணுத்தார் தவராஜா. "நான்தான் மறந்தனான்."

விளக்கு எரிந்தது. முரசின் முன்னால் சீமெந்துத் தரையில் இரண்டு ஈரத் தடங்கள். மண்டியிட்ட முழங்கால்களின் அளவு.

அவர் நேரே கிர்ஸ்டனிடம் போய், தண்ணீர் விட மறந்தது தான் என்று சொன்னார்.

"அப்படியானால் அவன் ஏன் ஒப்புக்கொண்டான்?" என்று கேட்டாள் அவள்.

உண்மை அவர் வாய்வரை வந்தது.

"பயத்தில் சொல்லியிருப்பான். பாவம்."

அவள் எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்தாள். வேலை தப்பியது. கார் நிறுத்துமிடத்தில் நிம்மதியாக மூச்சு விட்டார். உடனே, அந்த நிம்மதியை நினைத்து முகம் எரிந்தது.

அன்று மாலை ஏழு மணி. வெளியே நல்ல வெயில். வீட்டில் மனைவி செல்வமலர் பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள். மகள் சாரங்கி கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அப்பா, யாரோ கதவைத் தட்டுகிறார்கள்" என்றாள் டேனிஷில்.

"காது கேக்கேல்லையே? போய்த் திறவுங்கோவன்," என்று குசினியிலிருந்து சத்தம் போட்டாள் செல்வமலர். "ஆரோ மத்தளமெல்லே அடிக்கினம்!"

டும்.

அவர் போய்த் திறந்தார்.

யாரும் இல்லை. ஒரு வாரமாக மழையும் இல்லை. வாசல் கால்மிதியில் இரண்டு ஈரத் தடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

மறுநாள் அவர் கிர்ஸ்டனிடம் மிச்சத்தையும், பொய்யாக மொழிபெயர்த்ததையும், சொன்னார். வேலை போனது. ஜெனிஸ்ரனுக்கு விசா திரும்பக் கிடைக்கவில்லை. செல்வமலர் கால்மிதியை மூன்று நாள் வெயிலில் போட்டாள். அது காயவில்லை.